ஹோண்டாவின் சின்ன நாலு சிலிண்டர் எஞ்சின்: விடெக்குக்கு முன்னும் பின்னும்

"2010 மாடல் சிட்டி ஐ-விடெக் வைத்திருக்கிறேன். விடெக் என்றால் ஒரு குறிப்பிட்ட ஆர்பிஎம் தாண்டியதும் முதுகு சீட்டோடு ஒட்டுகிற மாதிரி வண்டி பாயும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். என் வண்டியில் அப்படி எதையும் உணர்ந்ததில்லை. விடெக் வெறும் விளம்பரப் பெயர்தானா? ஹோண்டாவின் சின்ன எஞ்சின்களை ஏன் இவ்வளவு கொண்டாடுகிறார்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் பயத்தைத் தீர்த்துவிடுகிறேன். பாய்ச்சல் தெரியவில்லை என்பதால் உங்கள் எஞ்சினில் கோளாறு என்று நினைக்க வேண்டாம். விடெக் என்பது எஞ்சின் வேகத்துக்கு ஏற்ப வால்வுகள் திறக்கும் விதத்தை மாற்றும் ஏற்பாடு. அந்த ஒரே பெயரில் ஹோண்டா குறைந்தது மூன்று வேறுவேறு வேலைகளைச் செய்திருக்கிறது. பாய்ச்சலுக்காகச் செய்தது ஒன்று. உங்கள் சிட்டியில் இருப்பது, குறைந்த வேகத்தில் பெட்ரோலை ஒழுங்காக எரிப்பதற்காகச் செய்தது. அது மாறுவது ஓட்டுநருக்குத் தெரியவே கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்திருக்கிறார்கள். இந்த இரண்டும் எப்படி ஒரே பெயருக்குள் வந்தன என்று புரிய, விடெக் வந்த 1989-க்கு வெகு முன்னால் போக வேண்டும். விடெக்கிலிருந்து கதையைத் தொடங்குவது பலருடைய வழக்கம். என் கணக்கில் அது மூன்றாம் பாகம். முதல் பாகத்தில் ஹோண்டா சின்ன எஞ்சினிலிருந்து திறனைப் பிழிந்தெடுக்கக் கற்றுக்கொண்டது. இரண்டாம் பாகத்தில் சுத்தமாக எரிக்கக் கற்றுக்கொண்டது. அந்த இரண்டு படிப்பும் ஒரே சிலிண்டர் ஹெட்டுக்குள், அதாவது வால்வுகள் இருக்கும் எஞ்சினின் மேல்பகுதிக்குள், சேர்ந்ததுதான் விடெக்.

1960-களின் தொடக்கத்தில் ஹோண்டா முழுக்க முழுக்க மோட்டார் சைக்கிள் கம்பெனி. 1961-இல் 125 சிசி, 250 சிசி இரண்டு பிரிவுகளிலும் உலகச் சாம்பியன் பட்டம் அவர்களுக்குத்தான். அந்த 250 சிசி பந்தய பைக்கில் நாலு சிலிண்டர், சிலிண்டருக்கு நாலு வால்வு, ஹெட்டில் இரண்டு கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் தள்ளித் திறக்கும் மேடுகள் கொண்ட தண்டு; அந்த மேடுதான் கேம்). அதே சமயத்தில் ஜப்பானிய வர்த்தக, தொழில்துறை அமைச்சகம், கார் தொழிலை ஏற்கெனவே இருக்கும் சில கம்பெனிகளுக்குள் அடக்கிப் புதிதாக யாரும் நுழையாதபடி சட்டம் கொண்டுவரப் பார்த்தது. கம்பெனியை நிறுவிய சோய்ச்சிரோ ஹோண்டாவுக்கு இது பொறுக்கவில்லை. சட்டம் வருவதற்குள் தானும் கார் செய்கிறவன் என்று காட்டியாக வேண்டும். கடைசியில் அந்தச் சட்டம் நிறைவேறவே இல்லை. ஆனால் அந்த அவசரத்தில் கையிலிருந்த பைக் எஞ்சின் அறிவு அப்படியே நாலு சக்கர வண்டிக்குள் ஏறிவிட்டது.

1963 ஆகஸ்டில் விற்பனைக்கு வந்த ஹோண்டாவின் முதல் நாலு சக்கர வண்டி டி360. கார்கூட இல்லை, சரக்கு ஏற்றும் குட்டி லாரி. எஞ்சின் 354 சிசி. ஒரு சிலிண்டருக்கு 90 சிசிகூட வராது. அதற்கு இரட்டைக் கேம்ஷாஃப்ட், நாலு கார்புரேட்டர். 8,500 ஆர்பிஎம்-இல் 30 குதிரைத்திறன். மூட்டை சுமக்கும் வண்டிக்கு இப்படி ஓர் எஞ்சினை அந்தக் காலத்தில் வேறு யாரும் யோசித்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில் எஸ்500 என்ற குட்டி ஸ்போர்ட்ஸ் கார், 531 சிசி, 44 குதிரைத்திறன். 1964-இல் எஸ்600, 606 சிசி, 57 குதிரைத்திறன். 1966-இல் எஸ்800, 791 சிசி, 70 குதிரைத்திறன். கிராங்க்ஷாஃப்டுக்கு ஊசி உருளை பேரிங், பின்சக்கரங்களுக்குச் செயின் என்று உள்ளே எல்லாமே பைக் சிந்தனை.

எஸ்600-இன் கணக்கைப் போட்டுப் பாருங்கள். லிட்டருக்கு 94 குதிரைத்திறன், அதுவும் 1964-இல். 1989-இல் விடெக் எட்டிப்பிடித்த "லிட்டருக்கு 100" என்ற புகழ்பெற்ற எண்ணுக்கும் இதற்கும் இடையே பெரிய தூரம் இல்லை. அப்படியானால் நடுவில் 25 ஆண்டுகள் ஹோண்டா என்ன செய்துகொண்டிருந்தது? என்னைப் பொறுத்தவரை ஹோண்டா எஞ்சின்களைப் பற்றிக் கேட்கவேண்டிய சரியான கேள்வி இதுதான்.

இதற்குப் பதில் வால்வுகளில் இருக்கிறது. எஞ்சின் சின்னதாக இருந்தால் ஒரு சுற்றில் அது இழுக்கும் காற்று குறைவு. காற்று குறைந்தால் எரிக்கக்கூடிய பெட்ரோலும் குறைவு. அதிகத் திறன் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு அதிகச் சுற்று சுற்றியாக வேண்டும். 8,000 ஆர்பிஎம்-இல், கலவையை உள்ளே விடும் ஓர் இன்டேக் வால்வு திறந்து மூட நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம்கூட முழுதாகக் கிடைப்பதில்லை. அந்த அவகாசத்தில் சிலிண்டர் நிரம்ப, வால்வு உயரமாகத் திறக்க வேண்டும், நெடுநேரம் திறந்திருக்க வேண்டும், புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மூடுவதற்கு முன்பே இன்டேக் திறந்துவிட வேண்டும். இப்படிச் செதுக்கிய கேம் மேலே, அதிக ஆர்பிஎம்-இல், அருமையாக வேலை செய்யும். கீழே, 1,000, 1,500 ஆர்பிஎம்-இல், அதே ஏற்பாடு தலைவலி. உள்ளே வந்த கலவை திரும்ப வெளியே தள்ளப்படும், எரிந்த புகை உள்ளே திரும்பும், ஐட்லிங் தள்ளாடும், சிக்னலிலிருந்து கிளப்ப ஆக்ஸிலேட்டரை மிதித்துப் பிடிக்க வேண்டும். எஸ்600 போன்ற எஞ்சின்களின் சுபாவம் அதுதான். சுழற்றி ஓட்டத் தெரிந்தவருக்குச் சொர்க்கம், குடும்பத்தோடு கடைக்குப் போகிறவருக்கு இம்சை. கேம் ஒன்றுதான் என்கிறவரை இரண்டில் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆகவேண்டும்.

அந்தச் சிக்கலுக்கு வருவதற்கு முன்னால் ஹோண்டா ஒரு பெரிய பள்ளத்தில் விழுந்து எழுந்தது. 1969-இல் வந்த ஹோண்டா 1300. 1,298 சிசி, நாலு சிலிண்டர், காற்றால் குளிர்விக்கப்படும் எஞ்சின். தண்ணீரை வைத்துக் குளிர்வித்தாலும் அந்தத் தண்ணீரைக் கடைசியில் காற்றுதானே குளிர்விக்கிறது, நேரடியாகக் காற்றையே பயன்படுத்தினால் என்ன என்பது சோய்ச்சிரோவின் வாதம். ரேடியேட்டரே தேவையில்லை, ஒழுகுவதற்கு எதுவும் இல்லை என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நிஜத்தில், எஞ்சின் பிளாக்குக்குள்ளேயே இரண்டடுக்குக் காற்றுவழிகள், விசிறி, தனி ஆயில் தொட்டி என்று சேர்த்துச் சேர்த்து எஞ்சின் கனத்துப்போனது, விலையும் ஏறியது. திறனில் குறை சொல்ல முடியாது: ஒற்றைக் கார்புரேட்டரில் 100, நாலு கார்புரேட்டரில் 115 குதிரைத்திறன். ஆனால் முன்பக்கம் கனத்த காரை வளைவில் திருப்புவது கஷ்டம், செய்வது நஷ்டம். இதே பிடிவாதத்தில் உருவான காற்றுக் குளிர்ப்பு ஃபார்முலா 1 கார் ஆர்ஏ302, 1968 ஜூலையில் பிரான்ஸின் ரூவான் பந்தயத்தில் விபத்துக்குள்ளாகி, ஓட்டிய ஜோ ஷ்லெஸ்ஸர் உயிரிழந்தார்.

தடாஷி குமே போன்ற இளம் பொறியாளர்கள் தண்ணீர்க் குளிர்ப்புதான் வழி என்று முதலாளியின் முகத்துக்கு நேரே நின்றார்கள். அவர்கள் சொன்ன காரணம் முக்கியமானது. வாகனப் புகைக்குக் கட்டுப்பாடு வரப்போகிறது. புகையைச் சுத்தமாக்க வேண்டுமென்றால் நாலு சிலிண்டரும் சீரான வெப்பத்தில் இருக்க வேண்டும். காற்றுக் குளிர்ப்பில் அதைப் பிடித்துவைக்க முடியாது. சோய்ச்சிரோ இறங்கி வரவில்லை. கடைசியில் அவருடைய தொழில் கூட்டாளியும் கம்பெனியின் கணக்கு வழக்கு, விற்பனை எல்லாவற்றையும் தாங்கியவருமான தக்கேயோ ஃபுஜிசாவா, நீங்கள் கம்பெனித் தலைவராக இருக்கப் போகிறீர்களா, பொறியாளராகவா என்று கேட்டார். தலைவராகத்தான் என்றார் சோய்ச்சிரோ. அப்படியானால் தண்ணீர்க் குளிர்ப்புக்கு அனுமதி கொடுங்கள் என்று பேச்சு முடிந்தது. எதிர்த்து நின்ற குமே 1983-இல் அதே கம்பெனியின் மூன்றாவது தலைவரானார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தன்னோடு சண்டை போட்டவர்களை வளரவிட்ட கம்பெனி அது. எஞ்சின் வரலாற்றில் இதற்கு நான் கொடுக்கும் இடம் எந்தக் கேம்ஷாஃப்டுக்கும் குறைந்ததல்ல.

1972 ஜூலையில் சிவிக் வந்தது. 1,169 சிசி, தண்ணீர்க் குளிர்ப்பு, 60 குதிரைத்திறன். 8,500 ஆர்பிஎம் பேச்செல்லாம் போய், ஒற்றைக் கேம்ஷாஃப்டோடு அடக்கமான எஞ்சின். ஆனால் உண்மையான புரட்சி அந்த ஆண்டு அக்டோபரில் டோக்கியோவில் அறிவிக்கப்பட்டது. அதன் பெயர் சிவிசிசி.

பின்னணி இது. அமெரிக்கா 1970-இல் காற்றுத் தூய்மைச் சட்டத்தைத் திருத்தியது. செனட்டர் எட்மண்ட் மஸ்கியின் பெயரால் ஜப்பானில் அதை மஸ்கி சட்டம் என்றே சொல்வார்கள். 1975-க்குள் கார்பன் மோனாக்சைடையும் ஹைட்ரோகார்பன்களையும் சுமார் 90 சதவீதம் குறைக்க வேண்டும். அடுத்த ஆண்டுக்குள் நைட்ரஜன் ஆக்சைடுகளையும் அப்படியே. அமெரிக்கக் கார் தொழிலின் மையமான டெட்ராய்ட்டின் பெரிய கம்பெனிகள் முடியவே முடியாது என்று நின்றன. காரணம் இல்லாமல் இல்லை. இந்த மூன்று விஷங்களும் ஒன்றுக்கொன்று முரண்டு பிடிப்பவை. பெட்ரோலைக் கூட்டினால் முதல் இரண்டும் ஏறும். பெட்ரோலைக் குறைத்துச் சூடாக எரித்தால் மூன்றாவது ஏறும். மிகவும் குறைத்தால் மூன்றாவது இறங்கும், ஆனால் கலவை பற்றவே பற்றாது. பற்றாத பெட்ரோல் ஹைட்ரோகார்பனாக வெளியே வரும்.

ஹோண்டா 1966-லேயே புகைப் பிரச்சினைக்கென்று தனி ஆய்வுக் குழுவை வைத்திருந்தது. டாசுகு டாட்டே, ஷிசுவோ யாகி போன்றவர்கள் அங்கே பிடித்த வழி இது: ஸ்பார்க் பிளக்கைச் சுற்றி ஒரு சின்ன முன்னறை. அதற்கென்று தனியாகக் குட்டி வால்வு, ஒரு சிலிண்டருக்கு மூன்றாவது வால்வு. கார்புரேட்டரிலும் தனி வழி. முன்னறைக்குள் பெட்ரோல் செறிந்த ரிச் கலவை கொஞ்சமாகப் போகும். பெரிய அறைக்குள் பெட்ரோல் மிகக் குறைந்த லீன் கலவை போகும். ஈர விறகு நேராகப் பற்றாது. காய்ந்த தென்னை ஓலையைக் கொளுத்தி அடியில் செருகினால் பற்றும் அல்லவா, அதே உபாயம்தான். பிளக் முன்னறையைப் பற்றவைக்கும். அங்கிருந்து தீ ஒரு துவாரம் வழியாகப் பெரிய அறைக்குள் பாய்ந்து லீன் கலவையைக் கொளுத்தும். மொத்தத்தில் காற்று அதிகம் இருப்பதால் கார்பன் மோனாக்சைடு எரிந்துபோகும். எரிப்பு நிதானமாக நடப்பதால் உச்ச வெப்பம் தாழ்ந்து நைட்ரஜன் ஆக்சைடு குறையும். வெப்பம் தாழ்ந்தாலும் நெடுநேரம் நீடிப்பதால் மிச்சமிருக்கும் ஹைட்ரோகார்பனும் எரியும். மூன்று முரண்டுகளும் ஒரே எரிப்பில் அடங்கின.

முன்னறை என்ற யோசனையே ஹோண்டாவுக்குச் சொந்தம் என்று சிலர் எழுதுகிறார்கள், அது சரியல்ல. ஆங்கிலேயப் பொறியாளர் ஹாரி ரிக்கார்டோ முதற்கொண்டு பலர் பல்லாண்டுகளுக்கு முன்பே முயன்றது அது. குளிரிலும் வெயிலிலும் ஓடக்கூடிய, கார்புரேட்டரோடு வேலை செய்யும், சாதாரணத் தொழிற்சாலையில் செய்து சாதாரண விலைக்கு விற்கக்கூடிய எஞ்சினாக அதை ஆக்கியது ஹோண்டாவின் சாதனை. 1972 டிசம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை மிச்சிகனின் ஆன் ஆர்பரில் மூன்று சிவிசிசி வண்டிகளைச் சோதித்தது. 1975-க்கான வரம்பில் முதன்முதலில் தேறியது ஹோண்டா. அதுவும் புகைக்குழாயில் மாட்டிப் புகையைச் சுத்தமாக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் இல்லாமலேயே. கன்வெர்ட்டர் இல்லாததால், அதைக் கெடுத்துவிடும் ஈயம் கலந்த பெட்ரோலைப் போட்டாலும் கவலை இல்லை. குட்டிக் காருக்குச் சரி, அமெரிக்காவின் பெரிய காருக்கு இது ஆகாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் தரப்பில் பேச்சு வந்தபோது, ஹோண்டா ஒரு செவர்லே இம்பாலாவை வாங்கி, அதன் 5.7 லிட்டர் வி8 எஞ்சினுக்குச் சிவிசிசி ஹெட் செய்து மாட்டி, அதையும் ஆன் ஆர்பரில் தேறவைத்தது. டொயோட்டா, ஃபோர்டு, கிரைஸ்லர், இசுசு எல்லாரும் உரிமம் வாங்கினார்கள். பைக் கம்பெனியிடம் டொயோட்டா தொழில்நுட்பம் வாங்கியது என்பதை இன்று படித்தாலும் எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருக்கிறது.

1973 டிசம்பரில், எண்ணெய் நெருக்கடி தொடங்கிய சில வாரங்களில், 1,488 சிசி சிவிக் சிவிசிசி ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. 63 குதிரைத்திறன். 1964-இன் எஸ்600-ஐவிட இரண்டரை மடங்கு பெரிய எஞ்சின், ஏறக்குறைய அதே திறன். எண்ணை மட்டும் பார்ப்பவர் பின்னடைவு என்பார். அமெரிக்காவில் இதே சிவிக்தான் அந்த ஆண்டுகளில் எரிபொருள் சிக்கனப் பட்டியலில் முதலிடத்தில் நின்றது. இங்கே சோய்ச்சிரோவைப் பற்றி ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மூன்று பெரிய கம்பெனிகளை முந்த இதுவே வாய்ப்பு என்று அவர் சொன்னபோது, இளம் பொறியாளர்கள், நாங்கள் கம்பெனிக்காக இதைச் செய்யவில்லை, மக்களுக்காகச் செய்கிறோம் என்றார்களாம். தன் சிந்தனை பழையதாகிவிட்டது என்று அப்போது உணர்ந்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 1973-லேயே அவரும் ஃபுஜிசாவாவும் சேர்ந்து ஓய்வு பெற்றார்கள்.

சிவிசிசி என்றைக்கும் நிலைக்கவில்லை. நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு மேலும் இறுகியபோது, ஆக்சிஜன் சென்சாரும் ஃபியூயல் இன்ஜெக்ஷனும் மூவழிக் கன்வெர்ட்டரும் சேர்ந்த ஏற்பாடு வென்றது. 1980-களின் இறுதிக்குள் ஹோண்டாவும் முன்னறையைக் கைவிட்டது. ஆனால் லீன் கலவையை எப்படிச் சுழற்றிவிட்டால், எந்த இடத்தில் பற்றவைத்தால் எரியும் என்ற அறிவு கம்பெனிக்குள்ளேயே தங்கிவிட்டது. இன்று ஃபார்முலா 1 எஞ்சின்களில் முன்னறை எரிப்பு மறுபடி வந்திருப்பதைப் பார்க்கும்போது, அந்தக் கார்புரேட்டர் காலத்துப் பொறியாளர்கள்மேல் மரியாதை கூடுகிறது.

1980-களை வேகமாகக் கடக்கலாம். 1983 சிவிக்கில் சிலிண்டருக்கு மூன்று வால்வு கொண்ட புது எஞ்சின், 1984-இல் இரட்டைக் கேம் கொண்ட 1.6 லிட்டர் இசட்சி, 1987 சிவிக்கில் 16 வால்வு டி வரிசை. நல்ல எஞ்சின்கள்தான், ஆனால் கேம் சிக்கல் அப்படியே இருந்தது. மேலே மூச்சு வேண்டுமா, கீழே இழுவை வேண்டுமா?

அதை உடைத்தவர் ஹோண்டா பொறியாளர் இக்குவோ கஜிதானி. 1984-இல் ஹோண்டா ஆய்வுக்கூடத்தில் புதிய எஞ்சின் திட்டம் தொடங்கியது. ஏற்கெனவே 1983-இல் சிபிஆர்400எஃப் பைக்கில், குறைந்த வேகத்தில் சில வால்வுகளை ஓய்வாக வைக்கும் ஏற்பாட்டை ஹோண்டா விற்றுக்கொண்டிருந்தது. காருக்கு அதைவிட ஒரு படி மேலே போனார்கள். கஜிதானி குழு முதலில் வைத்த இலக்கு 1.6 லிட்டரில் 140 குதிரைத்திறன். ஆய்வுக்கூடத் தலைவராக இருந்த நொபுஹிக்கோ கவமோட்டோ, லிட்டருக்கு 100 என்று வைத்தால் என்ன என்று கேட்டார். 1960-களில் ஃபார்முலா 1 எஞ்சின் வரைந்த ஆள் அவர், கேட்டதில் வியப்பில்லை. 1989 ஏப்ரலில் இன்டெக்ரா காரில் பி16ஏ என்ற முதல் விடெக் எஞ்சின் வெளிவந்தது. 1,595 சிசி, 7,600 ஆர்பிஎம்-இல் 160 குதிரைத்திறன், டர்போ இல்லாமல்.

வேலை செய்யும் விதம் எளிமையானது, அதுதான் அதன் அழகு. ஒரு சிலிண்டரின் இரண்டு இன்டேக் வால்வுகளுக்கு இரண்டு கேம் மேடுகள் போதும். பி16ஏ-இல் மூன்று. ஓரத்தில் இருக்கும் இரண்டும் அடக்கமானவை, நடுவில் இருப்பது உயரமானது, பந்தய எஞ்சினுக்கு ஏற்றது. மூன்றுக்கும் மூன்று ராக்கர் ஆர்ம், அதாவது மேட்டின் அசைவை வால்வுக்குக் கடத்தும் நெம்புகோல். சாதாரணமாக வால்வுகளை ஓர ராக்கர்கள் மட்டும் தள்ளும். நடு ராக்கர் ஒரு ஸ்பிரிங்கை மட்டும் தள்ளிக்கொண்டு சும்மா ஆடும். 5,000 ஆர்பிஎம் வாக்கில் கம்ப்யூட்டர் ஒரு சோலினாய்டை, அதாவது மின்சாரத்தால் இயங்கும் ஆயில் அடைப்பானை, திறக்கும். எஞ்சின் ஆயிலின் அழுத்தம் ராக்கர்களுக்குள் இருக்கும் சின்னப் பின்களைத் தள்ளும். மூன்று ராக்கர்களும் ஒன்றாகப் பூட்டிக்கொள்ளும். அதன்பிறகு வால்வுகள் நடு மேட்டின் பேச்சைத்தான் கேட்கும். எக்ஸாஸ்ட் பக்கமும் இதே ஏற்பாடு. ஒரே எஞ்சினுக்குள் சிவிக்கின் அமைதியான கேமும் எஸ்600-இன் ஆவேசக் கேமும்.

எளிமை என்றேன், செய்வது எளிமை என்று சொல்லவில்லை. மூன்று மேடுகளை நெருக்கி வைக்கும்போது ஒவ்வொன்றின் அகலமும் குறையும், தேய்மானம் கூடும். அதற்காகக் கேம்ஷாஃப்டுக்குப் புது வார்ப்பு எஃகையும் எக்ஸாஸ்ட் வால்வுக்கு நிக்கல் அடிப்படையிலான கலவையையும் உருவாக்கினார்கள். இன்டேக் வால்வு 33 மில்லிமீட்டராக அகன்றது. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் மேலும் கீழும் போகும் தூரம், 77.4 மில்லிமீட்டர், 8,000 ஆர்பிஎம்-இல் பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 20 மீட்டரைத் தாண்டும். இந்த எஞ்சினை ஆண்டுக்கணக்கில் அலுவலகம் போய்வர ஓட்டலாம் என்று உத்தரவாதம் கொடுத்து விற்றதுதான் பெரிய விஷயம்.

நீங்கள் கேள்விப்பட்ட பாய்ச்சல் இந்த எஞ்சினுக்கும் அதன் வாரிசுகளுக்கும் உரியது. 1995 இன்டெக்ரா டைப்-ஆர் காரில் 1,797 சிசி, 200 குதிரைத்திறன். ஹெட்டின் காற்று வழிகளைக் கையால் தேய்த்து மெருகேற்றினார்கள். 1997 சிவிக் டைப்-ஆர் காரில் 1,595 சிசி, 185 குதிரைத்திறன். இன்னொன்றும் சொல்ல வேண்டும்: இரண்டு கேம்களும் ஒரே அளவு இழுவை கொடுக்கும் புள்ளியில்தான் மாற்றம் நடக்கும்படி அமைப்பார்கள். அங்கே திடீரென்று மாறுவது பெரும்பாலும் சத்தம். பாய்ச்சல் என்று நாம் உணர்வது, மற்ற எஞ்சின்கள் மூச்சு வாங்கும் இடத்தில் இது இரண்டாம் முறை மூச்சு எடுப்பதை.

இனி உங்கள் வண்டிக்கு வருவோம். 1991 சிவிக்கில் ஹோண்டா விடெக்-ஈ என்று ஒன்றை விட்டது. அதே பின், அதே ஆயில் அழுத்தம், நோக்கம் நேர் எதிர். குறைந்த வேகத்தில் இரண்டு இன்டேக் வால்வுகளில் ஒன்று மட்டும் முழுதாகத் திறக்கும். மற்றது பெயருக்கு லேசாக விலகும், பெட்ரோல் அங்கே தேங்காமல் இருக்க. ஒரே பக்கமாக நுழையும் காற்று சிலிண்டருக்குள் சுழலும். சுழலும் கலவை, காற்றுக்கும் பெட்ரோலுக்கும் விகிதம் 20-ஐத் தாண்டினாலும் பற்றி எரியும். வழக்கமான விகிதம் 14.7. முன்னறை இல்லாமலேயே சிவிசிசி செய்த காரியம் இது. ஆர்பிஎம் ஏறியதும் இரண்டு ராக்கரும் பூட்டிக்கொண்டு 16 வால்வும் வேலைக்கு வரும்.

2001-இல் ஃபிட் காரோடு எல் வரிசை பிறந்தது. முதலில் வந்தது 1,339 சிசி ஐ-டிஎஸ்ஐ. சிலிண்டருக்கு இரண்டே வால்வு, ஆனால் இரண்டு ஸ்பார்க் பிளக். ஆர்பிஎம்-க்கும் பளுவுக்கும் ஏற்ப இரண்டும் ஒன்றாகவோ சிறு இடைவெளி விட்டோ பொறி தரும். இரண்டு முனையிலிருந்து தீ பரவுவதால் எரிப்பு சீக்கிரம் முடியும், கம்ப்ரெஷனை, அதாவது கலவையை அழுத்தும் அளவை, உயர்த்த முடியும். 73 மில்லிமீட்டர் சிலிண்டர் விட்டம், 80 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக் என்று ஒல்லியான எஞ்சின். 2002-இல் ஃபிட் ஜப்பானில் டொயோட்டா கொரோலாவின் 33 ஆண்டுகால முதலிடத்தைப் பறித்தது. இந்தியாவில் 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறை சிட்டியில் 1.5 லிட்டர் ஐ-டிஎஸ்ஐ, 77 குதிரைத்திறன். 1998 முதல் ஓடிய முதல் சிட்டியின் 100 குதிரைத்திறனைப் பழகியவர்களுக்கு, குறிப்பாக இருங்காட்டுக்கோட்டைப் பந்தயங்களில் அந்தப் பழைய சிட்டிகளைப் பார்த்தவர்களுக்கு, இது பெரிய ஏமாற்றம். மைலேஜ் பார்த்து வாங்கியவர்கள் சந்தோஷமாக இருந்தார்கள். இரண்டு தரப்பும் அவரவர் வழியில் சரிதான்.

2008-இல் வந்த மூன்றாம் தலைமுறை, அதாவது உங்கள் சிட்டி, 1,497 சிசி, 6,600 ஆர்பிஎம்-இல் 118 குதிரைத்திறன். ஒற்றைக் கேம்ஷாஃப்ட், 16 வால்வு. இதிலிருக்கும் விடெக், விடெக்-ஈ வழி வந்தது: கீழே 12 வால்வு எஞ்சின்போல, மேலே 16 வால்வு எஞ்சின்போல. நீங்கள் ஓவர்டேக் செய்ய மிதிக்கும் நேரத்தில் மாற்றம் நடந்து முடிந்திருக்கும். ஐ-டிஎஸ்ஐ-யின் சிக்கனத்தையும் பழைய சிட்டியின் வேகத்தையும் ஒரே எஞ்சினில் கொடுத்தது இந்தச் சத்தமில்லாத விடெக்தான். எனக்கு இதுவே அதிகம் பிடிக்கும், டைப்-ஆர் ரசிகர்கள் கோபித்தாலும் சரி.

மூன்றாவது வகை 2005 சிவிக்கின் 1.8 லிட்டர் எஞ்சினில் வந்தது. இந்தியாவிலும் அந்த சிவிக் விற்றது. லேசான பளுவில் ஓடும்போது இன்டேக் வால்வைத் தாமதமாக மூடி, உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதியைத் திரும்ப விடுவது. அதனால் காற்று நுழையும் வழியிலுள்ள தடுப்பான திராட்டிலை அகலத் திறந்து வைக்கலாம், காற்றை இழுக்கும் வீண் உழைப்பு குறையும்.

பிறகு 2015-இல் 1.5 லிட்டர் டர்போ வந்தது. காற்றை டர்போவே தள்ளும்போது உயரமான கேமின் தேவை குறைந்துபோயிற்று. 2022-இல் இந்தியாவுக்கு வந்த சிட்டி ஹைபிரிடில் எஞ்சின் பெரும்பாலும் ஜெனரேட்டரைச் சுற்றுகிறது. சக்கரத்தை மோட்டார் சுற்றுகிறது. சுழற்றி ஓட்டும் இன்பம் அதில் இல்லை, ஆனால் எரிப்பு அபாரம்.

கடைசியாக, நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் உங்கள் எஞ்சினுக்கு அவசியம். விடெக் முழுக்க ஆயில் அழுத்தத்தை நம்பி இருக்கிறது. கையேட்டில் சொன்ன ஆயிலை, சொன்ன நேரத்தில் மாற்றுங்கள். சோலினாய்டுக்கு முன்னால் ஒரு சின்ன வலை இருக்கிறது, ஆயில் கசடானால் முதலில் அடைவது அதுதான். இரண்டாவது, வால்வு இடைவெளி, அதாவது ராக்கருக்கும் வால்வுக்கும் நடுவே விடும் சிறு இடம். உங்கள் எஞ்சினில் தானாகச் சரிசெய்துகொள்ளும் ஹைட்ராலிக் ஏற்பாடு கிடையாது, ஸ்குருவும் நட்டும்தான். டேப்பெட் சத்தம் வந்தால் எல்லாரும் கவனிக்கிறார்கள். ஆனால் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடம் தேயத்தேய இடைவெளி குறையும், சத்தமும் குறையும். வால்வு முழுதாக மூடாமல் விளிம்பு கருகும். சிஎன்ஜி அல்லது எல்பிஜி கிட் மாட்டிய வண்டிகளில் இது இன்னும் சீக்கிரம் நடக்கும். எஞ்சின் சத்தமில்லாமல் ஓடுகிறது, பார்க்கத் தேவையில்லை என்று மெக்கானிக் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். முதல் நாள் இரவே வண்டியை விட்டுவந்து, எஞ்சின் முழுதாக ஆறிய பிறகு காலையில் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.